ரகசியக் கூட்டம், அனைவரும் வருக

எனக்கு ரகசியம் காக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. இருபதடி ஃப்ளெக்ஸில் அச்சடித்து ஊர் நடுவில் கட்டிய பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

நான் வெளிநாட்டுக்குப் போய் முதுகலை படித்தவள். பாடம், நடைமுறை அரசியல். "அரசியல் படிக்கவா ஃபாரின் போற? டீக்கடையில ஒக்காந்தா ஃப்ரீயா வருமே" என்று எங்கள் ஊர் மண்ணூரில் கேட்காத ஆள் இல்லை. கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டும் என் அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. நான் விமானம் ஏறிய மறுநாளே வேனின் பின்கண்ணாடியில் 'ஸ்டெல்லா எம்.ஏ.' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். (படிச்சு முடிக்கட்டுமே என்று அம்மா சொன்னதற்கு, "அதான் பிளேன் ஏறிடுச்சில்ல" என்றாராம்.) ஆக, ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை நான் படிக்காமலே எம்.ஏ. ஆகியிருந்தேன். இனி தோற்க வழியே இல்லை.

அங்கே எனக்கு வழிகாட்டிப் பேராசிரியர் ஹெலன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். ஒருமுறை வீடியோ காலில் நான் "ஹெலன்" என்றது அப்பா காதில் விழுந்து, "டீச்சரம்மாவ பேரு சொல்லிக் கூப்புடுறா, இன்னா படிப்போ இது" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் கூட்டுரோடு பஸ் விவகாரம். கம்பெனிக்குப் போகும் பெண்கள் அங்கே பஸ் நிற்க வேண்டும் என்று ஊராட்சியில் மனுமேல் மனு கொடுத்தும் பஸ் நிற்காமல் பறந்துகொண்டிருந்தது. மனு கொடுத்த பன்னிரண்டு பெண்களை முதலில் தனித்தனியாகப் பேட்டி எடுக்க வேண்டும், பிறகு ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது. பேசியவர் யார் என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாது. பெயர்கள் இல்லை; பங்கேற்பாளர் ஒன்று, இரண்டு என்று எண்கள் மட்டும். மீறினால் பேட்டிகள் செல்லாது. பேட்டி இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லையென்றால் பட்டம் இல்லை, அப்பாவின் ஸ்டிக்கர் ஊரறிந்த பொய்.

நான் ஊருக்கு வந்து, தனிப் பேட்டிகளை முடித்துவிட்டு, ரகசியத்தை எப்படிக் காத்தேன் தெரியுமா? பன்னிரண்டு பேரும் பெயர், ஷிஃப்ட், போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவங்களை ஸ்கேன் செய்யச் சொல்லி என் சித்தப்பா கடையில் கொடுத்தேன். சித்தப்பாவுக்கு சுங்குவார்சத்திரத்தில் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்தா, பூப்பு நீராட்டா, கண்ணீர் அஞ்சலியா, சுற்றுவட்டாரத்தில் ஒரு முகம் பெரிதாகத் தெரிந்தால் அது சித்தப்பா கைவண்ணம். அவரிடம் போய் நான், "சித்தப்பா, இது ரொம்ப ரகசியமான கூட்டம், யாருக்கும் தெரியக் கூடாது" என்று வேறு சொன்னேன். "நீ போ பாப்பா, நான் பாத்துக்குறேன்" என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று உருகியபடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டுரோட்டை ஒட்டிய எங்கள் சர்ச்சின் மறைக்கல்வி அறையில். தொடங்குவதற்கு முன் இடத்தை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருந்தார். நான் தெருவில் நடந்துகொண்டே போனைப் பிடித்து, என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில், "ரொம்ப அமைதியான இடம், ஹெலன். யார் கண்ணிலும் படாது" என்று சொல்லி கேமராவைத் திருப்பினேன்.

சர்ச் வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் நின்றது.

நடுவில் நான். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த, திருடியைப் பிடித்துவந்தது போன்ற அந்தப் படம், ஆளுயரத்துக்கு. மேலே, 'மனம் திறந்து உண்மை பேச வரும் மண்ணூர் சிங்கப்பெண்களே!' கீழே பன்னிரண்டு வட்டங்களில் பன்னிரண்டு முகங்கள், பெயரோடு, எந்த ஷிஃப்ட் என்பதோடு. அடியில் சிவப்பு எழுத்தில், 'ரகசியக் கூட்டம். ஞாயிறு மாலை 4 மணி. அனைவரும் வருக.' பக்கத்தில் மைக் செட்டும் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளும். முன்வரிசையில் ஊராட்சித் தலைவர், தன் படம் ஏன் இல்லை என்று சித்தப்பாவை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் நின்றேன்.

"அந்தப் படங்களில் இருக்கும் பெண்கள் யார்?" என்றார் ஹெலன்.

சர்ச் கோபுரம் கண்ணில் பட்டது. வாயில் சனி உட்கார்ந்தது. "புனிதர்கள்" என்றேன். "உள்ளூர்ப் புனிதர்கள்."

"அப்படியா" என்று ஹெலன் உற்றுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, மேல்வரிசை நாலாவது புனிதர், பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகத் தன் படத்துக்குக் கீழேயே வந்து நின்று, கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். கன்னியம்மாக்கா. என் பங்கேற்பாளர் நான்கு.

"ஸ்டெல்லா, ஒரு புனிதர் கையாட்டுகிறார்" என்றார் ஹெலன்.

அதற்குமேல் புளுக எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹெலன் சிரிப்பை அடக்குகிறார் என்று தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தபோது சட்டம்தான் வந்தது. கூட்டத்தை நிறுத்து, குழுவுக்கு நான் எழுத வேண்டும், எடுத்த பேட்டிகள் அநேகமாகப் போச்சு.

நான் சித்தப்பாவின் மேல் பாய்ந்தேன். "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"தெரியாம எப்டி பாப்பா ஆளு வரும்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "பன்னெண்டு பொம்பளைங்க உனுக்காவ லீவு நாள்ல வராங்கோ. ஒரு மரியாத வாணாமா? கேட்டுப் பாரு, போட்டோவ அவுங்களேதான் அனுப்புனாங்கோ."

உண்மைதான். ஒருத்தி கல்யாணப் போட்டோவையே அனுப்பியிருந்தாள், மாப்பிள்ளையைப் பாதியில் வெட்டிவிட்டு. நான் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அரசியல் முதுகலை மாணவி, தலைவர் முன்னிலையில், மைக் ஆன் ஆகியிருப்பது தெரியாமல். என் மூக்குறிஞ்சல் நெடுஞ்சாலை வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

கன்னியம்மாக்கா வந்து மைக்கை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"உங்க பேரு வெளிய தெரியக் கூடாதுக்கா. நம்பர்தான் போடணும். உங்களுக்குப் பிரச்சன வரக் கூடாதுன்னுதான்."

"பஸ்ஸு நிக்கலன்னு சொல்றதுல எனுக்கு இன்னா பிரச்சன? எட்டு வருசமா கம்பெனி லைன்ல என்ன பேட்ஜ் நம்பரு சொல்லித்தான் கூப்புடுறாங்க. உன் ஃபாரின் புக்குலயும் நான் நாலாம் நம்பரா? எம்பேரு கன்னியம்மா. அதப் போட்டு எழுது. இல்லனா எழுதாத."

எட்டு மாதம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வரி இல்லை. எனக்கு அழுகை நின்று வெட்கம் வந்தது. அவர் நல்லதைப் பார்க்கிறேன் என்று நினைத்த நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

குழு எல்லாப் பேட்டிகளையும் தள்ளுபடி செய்தது. முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. நான் கெஞ்சிக் கூத்தாடி, ஹெலனும் எனக்காக வாதாடி, புதுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: பெயரா, எண்ணா? ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து மறுபடியும் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். பதினோரு பேர் பெயர் என்றார்கள். ஒருத்தி மட்டும் எண் கேட்டாள். கம்பெனிக்குப் பயந்து இல்லை. "எங்க மாமியாரப் பத்தியும் ரெண்டு வார்த்த பேசிக்கினேன்" என்றாள்.

மறுபடி பேட்டி எடுத்து எழுதி முடிக்க மூன்று மாதம் ஆனது. அத்தனை நாளும் அப்பா வேனை எங்கே நிறுத்தினாலும் பின்பக்கம் சுவரோடு ஒட்டியபடி நிறுத்தினார். ஸ்டிக்கரைக் கிழிக்கவும் மனமில்லை, காட்டவும் தைரியமில்லை. திரும்பிப் போய் ஆய்வேட்டைக் கொடுத்து, ஒருவழியாகத் தேறினேன். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா வேனை நடுத்தெருவில், பின்பக்கம் ரோட்டைப் பார்க்க நிறுத்திவைத்து ட்ராஃபிக் ஜாம் செய்தாராம்.

பட்டத்தோடு நான் ஊர் திரும்பியபோது அதே சர்ச் வாசலில் புது ஃப்ளெக்ஸ் நின்றது. 'பட்டம் பெற்ற எங்கள் தங்கத்துக்கு வாழ்த்துகள்.' கீழே வழக்கம்போல் முகங்கள்: அப்பா, அம்மா, ஃபாதர், பன்னிரண்டு பெண்கள். ஆனால் சித்தப்பா பாடம் கற்றிருந்தார். ஒவ்வொரு முகத்திலும் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. பெயருக்குப் பதில் பங்கேற்பாளர் ஒன்று, பங்கேற்பாளர் இரண்டு. என் முகத்துக்கும் விலக்கில்லை. கூட்டுரோட்டில் வேகம் குறைத்த பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர், "இன்னா கேஸுமா இது, இத்தினி பேரு மாட்டிக்கினு கீறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் போதும், "ஸ்டெல்லாகிட்ட சொல்லாதீங்க, ஃப்ளெக்ஸ் வந்துடும்" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். நான் சிரித்துக்கொள்வேன். அந்த இரண்டாவது ஃப்ளெக்ஸ் இப்போது கன்னியம்மாக்கா வீட்டு விறகை மழையிலிருந்து மூடிக்கொண்டிருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன். மற்ற எல்லோரும் பட்டையோடு இருக்கிறோம். நாலாவது முகத்தில் மட்டும் யாரோ கத்தியால் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'பங்கேற்பாளர் நான்கு' என்பதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள்: கன்னியம்மா.