ஆறாவது சிலிண்டர்

அன்பு மாறாத தங்கை லோரெய்னுக்கும் மாப்பிள்ளை வெர்னுக்கும் டொலிடோவிலிருந்து செஸ்டர் அண்ணன் எழுதிக்கொள்வது. உன் அண்ணி பெர்னிஸ் நலம். பூனையும் நலம். மற்றதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அரிசோனா வெயில் உங்கள் மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ விசாரித்த, ஆஸ்பத்திரியில் கொடுத்த மூச்சு மெஷின், அதுதான் தூங்கும்போது முகமூடி வழியாக நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுமே, அது கட்டிலருகே பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அப்பாவின் காரைப் பற்றி. அதில் உனக்கும் பாதி உண்டு என்பதால் மறைக்க முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே பாலம் ஏறும்போது அதற்கும் என்னைப் போல மூச்சு வாங்கியது. ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டி எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தால் வயசு திரும்பிவிடும் என்று நினைத்தேன். பக்கத்தில் அடக்கமாக உட்காரும் வகையும் இருக்கிறது, எஞ்சின் தலைமேல் ஏறி பானெட்டுக்கு வெளியே நிற்கும் வகையும் இருக்கிறது. கண்ணாடித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த டுவேன், இப்போது கொட்டகையில் எஞ்சின் பிரிப்பவன், எதை வாங்கினாலும் முதலில் ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தம் தாங்குகிறதா என்று சோதிப்போம் என்றான். ஆஸ்பத்திரியில் சோதனை சோதனை என்று கேட்டு நொந்துபோனவனிடம் சொல்கிற வார்த்தையா அது? நேரே பழைய சாமான் சந்தைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதை வாங்கினேன். விற்றவள் ஒரு விதவை. புருஷன் அதைப் பொருத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பெர்னிஸ் அபசகுனம் என்றாள், நான் அதனால்தான் மலிவு என்றேன். பானெட்டை அறுத்தோம். அதாவது டுவேன் அறுத்தான், நான் நாற்காலியில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன், அதற்கே இரண்டு தடவை இளைப்பாற வேண்டியிருந்தது. பெல்ட் மாட்டிச் சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற சக்கரம், அதாவது புல்லி, அதில் பெரியது போட்டால் மெதுவாக ஊதும், சின்னது போட்டால் வேகமாக ஊதும். டுவேன் பெரியதை மாட்டினான். அவன் சாப்பிடப் போனதும் நான் சின்னதை மாட்டினேன்.

வண்டி ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது, தெருவே வாசலுக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன் லோரெய்ன், பாலம் ஏறி முடிக்கிற வரைக்கும் எனக்கு வயசு இருபத்தைந்து. இறங்கியதும் ஒரு வெடி, பிறகு நீலப் புகை. வண்டி தானாக உருண்டுபோய் சவ அடக்க நிலையத்தின் வாசலில் நின்றது. உரிமையாளர் கிளாரன்ஸ் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "செஸ்டர், நீங்க வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

டுவேன் பிரித்துப் பார்த்தான். ஆறாவது சிலிண்டர் சிதைந்திருந்தது. அது முன்பே தேய்ந்துபோனதாம்.

"உள்ள எது நொந்திருக்கோ, காத்தைத் திணிச்சா அதுதான்டா முதல்ல போகும்" என்றான்.

பக்கத்தில் நின்ற பெர்னிஸ் அழவில்லை, கத்தவுமில்லை. "இரும்புக்கு மூச்சு ஊத இத்தனை பாடு பட்ட. உனக்கு ஊத வந்தது கட்டிலுக்குப் பக்கத்துல கெடக்கு" என்றாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதே தொழிற்சாலையில் அப்பாவின் நெஞ்சில் இறங்கிய கண்ணாடித் தூசிதான் என் நெஞ்சிலும். எனக்குள்ளும் ஒரு ஆறாவது சிலிண்டர் எங்கேயோ இருக்கும். ஆகவே அந்த மெஷினை நான் தொடப்போவதில்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன். ஈஸ்டருக்கு நீங்கள் வர வேண்டாம், என்னை இப்படிப் பார்க்க வேண்டாம். இது முடிந்த முடிவு.

உங்கள் வீட்டில் மூட்டும் மூச்சும் பெல்ட்டும் தேயாமல் இருக்கட்டும். வெர்னுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன் செஸ்டர்

பின்குறிப்பு: நேற்று உறை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்துவிட்டாள், டுவேன்தான் கூட்டிவந்திருக்கிறான். பெட்டியைப் பிரித்ததும் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "இதுல எந்தப் புல்லி?" அவளுக்கு விளங்கவில்லை. கை ஜாடையில் விளக்கினான். சிரித்துவிட்டு, முதலில் மெல்லத்தான் ஊதும், பழகப் பழகத்தான் ஏறும் என்றாள். பெரிய புல்லிதான், லோரெய்ன். ராத்திரி மாட்டிக்கொண்டு படுத்தேன். குறட்டைச் சத்தம் இல்லையே என்று பெர்னிஸ்தான் பயந்துபோய் என்னை எழுப்பி எழுப்பிப் பார்த்தாள். கார் விற்பனைக்கு இல்லை. ஈஸ்டருக்கு வாருங்கள். வெர்னைப் பழைய சட்டை எடுத்துவரச் சொல், எஞ்சின் இன்னும் பிரித்தபடிதான் கிடக்கிறது.