புரதத்துக்கு ஒரு வரவேற்புக் குழு

உலக வரலாற்றில் ஒரு புரதத்துக்கு வரவேற்புக் குழு அமைத்த முதல் அரச காரியாலயம் மாத்தளையில்தான் இருக்கிறது. எச்.ஐ.வி விழிப்புணர்வு நாடகத்தின் மூலம் அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் உதவிப் பணிப்பாளர் தர்மராஜா.

காரியாலயத்தின் கன்டீனை நடத்தியவள் வாகினி. அவளுக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்த அன்றே எல்லாருக்கும் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாமல் போனது. சிலருக்கு வாய்வு. சிலருக்கு விரதம். கன்டீன் 'தற்காலிகமாக' மூடப்பட்டது.

"எப்ப சேர் திறப்பீங்க?" அவள் நாவுலயிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டாள்.

"முதல்ல விழிப்புணர்வு வரட்டும் வாகினி. தேத்தண்ணி பிறகு," என்றார் தர்மராஜா.

நாடகத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதமாக நடித்தவர், காரியாலயத்தில் கோப்பெழுதும் லிகிதர் பலீல். அந்தப் புரதம் சீனிப் போர்வைக்குள் ஒளிந்து உடம்பின் காவலர்களை ஏமாற்றும் என்று நாடகக் குழு படித்திருந்தது. ஆகவே பலீலின் உடம்பெங்கும் தும்பு முட்டாஸைப் பிய்த்து, பஞ்சு பஞ்சாகச் சீனி மிட்டாய் ஒட்டினார்கள். ஒத்திகையில் காவலர்கள் ஏமாந்தார்கள். எறும்புகள் ஏமாறவில்லை.

"எனக்கு இந்தப் புரதம் வாணாம் சேர்," என்றார் பலீல், கழுத்தைச் சொறிந்தபடி. "வாகினி தங்கச்சியப் போடுங்க. அவங்களுக்கு அனுபவம் இருக்கு."

வாகினியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் யோசித்தாள். உயிரணுவாக நடிப்பவர் தர்மராஜா. புரதம் கை நீட்டும். உயிரணுவின் ஏற்பி, அதாவது தர்மராஜாவின் கை, அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் புரதம் உருமாறி அடுத்த ஏற்பியையும் பற்றும், வைரஸ் உள்ளே போகும். சபை பார்க்க உதவிப் பணிப்பாளரே அவள் கையைப் பிடித்துவிட்டால், மறுநாள் தேத்தண்ணியை யார் மறுப்பார்?

"நடிக்கிறேன் சேர். ஆனா நெசமாவே கையப் புடிக்கணும்."

"கலைக்கு அர்ப்பணிப்பு வேணாமா வாகினி?"

விழா நாளில் மண்டபம் நிறைந்தது. மேடையின் பின்னால், 'கைகுலுக்கினால் எச்.ஐ.வி தொற்றாது' என்று மும்மொழியிலும் பதாகை. வாசகம் தர்மராஜாவுடையது. வரவேற்புக் குழு பன்னீர் தெளித்தது. தும்பு முட்டாஸ் கரைந்து, வாகினி இளஞ்சிவப்பாக ஒழுகியபடி மேடையேறினாள்.

"இதோ, ஏற்பி புரதத்தை ஏற்கிறது," என்று மைக்கில் அறிவித்தார் பலீல்.

வாகினி கையை நீட்டினாள்.

ஏற்பி ஏற்கவில்லை.

"கையப் புடிங்க சேர்," என்றாள் மெல்ல.

உயிரணு இரு கைகளையும் கூப்பி, பணிவோடு கும்பிட்டது.

"புரதம் மீண்டும் முயல்கிறது," என்றார் பலீல்.

உயிரணு இன்னும் குனிந்து கும்பிட்டது.

சபை கைதட்டியது. மருத்துவ உலகம் பல காலமாகத் தேடும் தடுப்பு முறையை உதவிப் பணிப்பாளர் ஒரே வணக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

வாகினி மைக்கைக் கேட்டாள். பலீல் அதை மேசையில் வைத்துவிட்டு விலகி நின்றார். அவள் எடுத்துக்கொண்டாள்.

"சேர், என் உடம்புல உள்ள உயிரணு எல்லாம் உங்கள மாதிரி இருந்திருந்தா, எனக்கு இந்த நோயே வந்திருக்காது."