உட்சுவர் நிர்வாகம்

உலகில் எத்தனையோ நிறுவனங்கள் ஜப்பானிடம் நிர்வாகம் கற்றிருக்கின்றன. ரத்தக்குழாயிடம் கற்ற ஒரே நிறுவனம், ஜூஜுவாடியில் உள்ள எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலைதான். மனிதவள அதிகாரி என்ற முறையில் இதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதய நலக் கூட்டத்துக்கு டாக்டர் லிபியா வந்திருந்தார். "ரத்தக்குழாயோட உட்சுவர்ல ஒரே வரிசையா செல் இருக்குங்க. ரத்தம் வேகமா ஓடுனா அந்த செல்லுக்குள்ள சமிக்ஞை மூலக்கூறு உண்டாகும். சேதி போய்ச் சேந்ததும் ஒரு நொதி அதை ஒடைச்சிடும். அதிகமாவும் விடாது, கொறைச்சலாவும் விடாது" என்றார்.

'சேதி போய்ச் சேந்ததும்' என்றபோது முன்வரிசையில் இருந்த எங்கள் ஜி.எம்.முக்குப் போன் வந்துவிட்டது. 'ஒடைச்சிடும்' மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

மறுநாளே 'உட்சுவர்க் குழு' உருவானது. தொழிலாளியின் புகார்தான் சமிக்ஞை. அது மேலே வருவதற்குள் உடைத்துவிட வேண்டும். சூப்பர்வைசர் கமலக்கண்ணனுக்கு 'முதன்மை நொதி' என்ற பதவி வழங்கி, சால்வை போர்த்தினோம். புகார்கள் அடியோடு நின்றன. ஜி.எம்.மின் ரத்த அழுத்தம் இறங்கியதை நானே கண்ணால் பார்த்தேன். அறிவியலை அலட்சியம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தச் சாதனையில் கறை வைத்தவள் உத்தனப்பள்ளி முனிலட்சுமி. பிரஸ் மெஷினில் தகடு வெட்டுபவள்.

"சார், ஒருக்கா பெடல மிதிச்சா பிரஸ்ஸு ரெண்டு தடவ எறங்குது. கைய எடுக்கறதுக்குள்ள மறுபடி வந்துடுது" என்று கமலக்கண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்.

"அது உனக்குள்ள உண்டான சமிக்ஞைம்மா. தண்ணி குடி, தன்னால ஒடைஞ்சிடும்."

"மொதல்ல ஒடையறது என் வெரலுதான் சார். கையில்லாம போனா எம் புள்ளைக்கு யாரு சோறு ஊட்டறது?"

கமலக்கண்ணன் கடமை தவறாதவர். அந்தப் புகாரையும் உடைத்தார். அவள் நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். ஷிப்ட் முடியும்வரை லைனே நின்றது. ஃபிட்டர் சென்றாயன் மெஷினைத் திறந்து, உள்ளே ஸ்பிரிங் முறிந்திருப்பதாகச் சொன்னான். அது மெஷினின் சொந்த விஷயம்.

விசாரணைக்கு நானே தலைவர். "விரல் போய்விடும் என்று பொய் சொல்லி உற்பத்தியை நிறுத்தினாய்" என்று குற்றச்சாட்டை வாசித்தேன்.

"பொய்யின்னு எதை வச்சு சொல்றீங்க சார்?" என்றாள். நியாயமான கேள்வி. சாட்சியம் இல்லாமல் யாரையும் தண்டிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நிதானமாக எண்ணினேன். பத்து விரல்களும் இருந்தன. குற்றம் நிரூபணமானது, வேலைநீக்க உத்தரவில் கையெழுத்திட்டேன்.