கார் கழுவுவோர் கவனத்திற்கு

ஊருக்குப் புத்தி சொல்லும் வேலை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். வந்தால், அதைச் செய்து முடித்த கையோடு நாலு நாள் வீட்டுக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பது உத்தமம். எனக்கு அந்த விவேகம் இல்லாமல் போனதன் விளைவை விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பாடம் நடத்தும் லட்சணத்தைப் பிள்ளைகளிடம்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் நான் வேறு ஆள். விளையாட்டு விழாவோ கோயில் திருவிழாவோ, அறிவிப்பு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாசிமகக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தையை நான் கூப்பிட்டால், காணாமல் போகாத குழந்தைகளும் மேடைக்கு வந்து நிற்கும் என்று பெயர். (பெயர் வைத்தது நான்தான். வேறு யாரும் வைப்பதாகத் தெரியவில்லை.)

அந்தக் கோடையில் மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது. தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று பந்தயம் கட்டாத குறை. வீட்டுக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டிக் காரோ வண்டியோ கழுவக் கூடாது, மீறினால் குழாய் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று நகராட்சியில் உத்தரவு போட்டார்கள். ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளத் தடையில்லை. இதை ஆட்டோவில் தெருத் தெருவாகச் சொல்லும் வேலை என் சிநேகிதன் செல்வராசுக்கு வந்தது. சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். அவன் குரல் தகரத்தை இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

"வாத்தியாரே, நீ பேசிக் குடு. உன் கொரலுன்னா சனங்க நின்னு கேப்பாங்க" என்றான்.

நகராட்சி எழுதிக் கொடுத்தது சின்னத் துண்டு வாசகம். எனக்கு அது போதவில்லை. தமிழ் வாசித்தவனிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? நானாகச் சேர்த்தேன்: "அன்பார்ந்த பெருமக்களே, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தாகத்தால் அழும்போது நீங்கள் காருக்குக் குளியல் நடத்துவது நியாயமா? உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். அதற்கும் கூசாதவர்களின் குழாய், முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்படும்." 'கூசாதவர்கள்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு உயர்த்திப் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். செல்வராசுக்குப் புல்லரித்துவிட்டது.

அப்போதுதான் என் தங்கை கலாவின் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மாப்பிள்ளை முருகவேல், கம்மாபுரம் பக்கம். நல்ல குடும்பம், பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை மட்டும், "அழைப்புக்குக் காரு நல்லா பளபளன்னு இருக்கணுங்க, எங்க சனம் பூரா வருது" என்றார். வாடகைக் கார் பிடிக்கலாம் என்று என் மனைவி தமயந்தி சொன்னாள். நான் விடவில்லை. அந்த வருடம்தான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். கருநீலம். எங்கள் வம்சத்தில் முதல் கார். "வெளிக் காரு எதுக்குங்க? என் காரையே கண்ணாடி மாதிரி கொண்டாந்து நிறுத்தறேன். மாப்பிள்ளை அதுல தலை சீவிக்கலாம்" என்று நிச்சயதார்த்தத்தன்று சபையில் சொல்லிவிட்டேன்.

தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கச் சின்னப் பீங்கான் விளக்குகள் சொல்லியிருந்தோம். மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் அவற்றை எடுத்துவரச் செராமிக் தொழிற்பேட்டைக்குக் காரிலேயே போனேன். அட்டைப் பெட்டிகளை ஏற்றியாயிற்று. ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் ஒரு மேடையும், அதன் மேல், அச்சில் ஊற்றுவதற்காக வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து வைத்திருந்த பீப்பாயும் இருந்தன. நான் மேடையை லேசாகத்தான் தொட்டேன். பீப்பாய் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

கூழ் கூரையில் விழுந்து நாலு பக்கமும் நிதானமாக வழிந்தது. நான் உள்ளே உட்கார்ந்தபடியே உலகம் வெள்ளையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் ஓடி வந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்படியே சூளையில வச்சிட்டா சூப்பரா வந்துடும் சார்" என்றார். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு வீடு வந்தேன். வழியெல்லாம் வெயில். வந்து சேர்வதற்குள் கார் முழுக்க ஓடு கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் வாட்டர் வாஷ் கடைக்கு ஓடினேன். அவர்கள் போர்வெல்லிலும் தண்ணீர் இல்லை, ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். உத்தரவுப்படி ஈரத்துணியால் துடைத்தேன். களிமண் இளகி, பரவி, முன்னைவிட அழகாகப் பூசிக்கொண்டது. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. வீடு நிறைய உறவுக்காரர்கள். சபையில் சொன்ன கண்ணாடி, வாசலில் சுண்ணாம்புச் சுவராக நின்றது.

தமயந்தி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "வேணாங்க. ஊருக்கே சொன்னது நீங்க."

"கேட்டைச் சாத்திட்டா யாருக்குத் தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கேட்டைச் சாத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டியூபை மாட்டினேன். வீட்டிலிருந்த சோப்புத் தூள் பாக்கெட்டைப் பாதிக்கு மேல் வாளியில் கொட்டிக் கலக்கி, கார் முழுக்கத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கருநீலம் எட்டிப் பார்த்தது. முன்பக்கத்தில் டியூபைப் பீய்ச்சியதும் பானெட் பளபளவென்று வந்துவிட்டது. என் முகம் அதில் தெரிந்தது. சிரித்தேன். அதுவும் சிரித்தது.

அப்போதுதான் தெருமுனையில் கேட்டது. "அன்பார்ந்த பெருமக்களே."

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. (என்ன கணீர் என்று இருக்கிறது பார்.) அதற்குப் பிறகுதான் கையிலிருந்த டியூப் நினைவுக்கு வந்தது. குழாயை மூடிவிட்டுக் கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து, களிமண்ணோடு சேர்ந்து பால் வாய்க்கால் மாதிரித் தெருவின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நேராக எங்கள் வீட்டை நோக்கி வந்தது. முன்னால் செல்வராசு. பின் சீட்டில் நகராட்சியிலிருந்து குழாய்களைப் பார்வையிட வந்த புஷ்பா மேடம்.

வீட்டுக்குள் ஓடியிருக்கலாம். கொல்லைப்பக்கம் போயிருக்கலாம். நான் காரின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து பூட்டிக்கொண்டேன். கண்ணாடியெல்லாம் நுரை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று என் மூளை எனக்குச் சொன்னது. (தமிழில் முதுகலை.)

ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. கேட் திறக்கும் சத்தம். தெருப் பெண்களின் பேச்சுக்குரல். எல்லாவற்றுக்கும் மேலே நான்: "பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தாகத்தால் அழும்போது..."

பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் வந்து நுரையை வட்டமாக வழித்தது. வட்டத்தில் புஷ்பா மேடத்தின் கண் தெரிந்தது.

"சார், கொஞ்சம் எறங்குங்க."

இறங்கினேன். முழங்கால் வரை நுரை. தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டு மல்லிகா அக்கா இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றார். ஆட்டோவில் என் குரல் 'கூசாதவர்களின்' என்ற இடத்துக்கு வந்து, தாழ்ந்து, ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியில் தெரு முழுவதும் என்னைப் பார்த்தது.

"டேய், அத நிறுத்துடா" என்றேன்.

"சுச்சு மாட்டிக்கிச்சு வாத்தியாரே" என்றான் செல்வராசு. இன்றுவரை நான் அதை நம்பவில்லை.

புஷ்பா மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "பேசுனது நீங்கதானே சார்? நல்லா பேசியிருக்கீங்க. எங்க ஆபீசுல எல்லாரும் சொன்னாங்க" என்றார். அப்புறம் குழாய் வெட்டும் ஆளைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

வீடு நிறையக் கல்யாணச் சனம். குழாய் போனால் அடுப்பில் உலை ஏறாது. கம்மாபுரத்துக்குச் செய்தி போனால் கலாவை என்ன சொல்வார்கள்? "மேடம், என்னை என்ன வேணா செய்யுங்க, கல்யாணம் முடியட்டும்" என்றேன். மைக்கில் முழங்கிய குரல்தான். பூனைக்குட்டி மாதிரி வந்தது.

மல்லிகா அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "மேடம், இவரு பண்ணது தப்புதான். ஆனா பைப்பப் புடுங்கிட்டீங்கன்னா இந்தக் கல்யாண வூட்டுக்கு நாங்கதான் தண்ணி ஊத்தணும். இவருக்குத் தண்டனையா, எங்களுக்கா?"

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். எனக்காகப் பரிந்து பேசிய மாதிரி இல்லை. ஆனாலும் அதைவிட இனிமையான பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை.

புஷ்பா மேடம் யோசித்தார். "சரி, பைப் இருக்கட்டும். ஆனா இதுக்கு மேல ஒரு சொம்புத் தண்ணி அந்தக் காரு மேல படக்கூடாது. தொடச்சிக்குங்க. டியூப நாங்க எடுத்துக்கிறோம்." செல்வராசு டியூபைச் சுருட்டித் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

அந்த நேரத்தில்தான் வீட்டு வாசலில் ஒரு சத்தம் கேட்டது. கலா. நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அந்தப் பெண் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். இப்போது நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "அண்ணா, கூசாதவர்கள்ண்ணா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தமயந்தியும் சேர்ந்துகொண்டாள். நான் நுரையோடு நின்றேன்.

காரைத் துடைத்துப் பார்த்தேன். பானெட் கண்ணாடி. மற்ற இடமெல்லாம் சோப்பும் களிமண்ணும் காய்ந்து, எருமைமாட்டு முதுகில் பூசிய சேறு மாதிரி வரி வரியாக நின்றது. பூக்காரரை அழைத்து, தகரம் தெரியாமல் மறைத்துவிடச் சொன்னேன். சாமந்தியையும் அரளியையும் சுற்றிச் சுற்றிக் கட்டினார். சாயங்காலம் அது பூப்பல்லக்காகிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முருகவேல் கோட்டு சூட்டோடு முன் சீட்டில். ஓட்டுவது நான். முன்னால் பேண்டு செட்டு. "காரு நல்லாத்தான் இருக்குது" என்றார் அத்தை. பாதி வழி வரைக்கும் நான் பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கடைத்தெருவில் திரும்பியபோது கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அந்தக் கோடையில் அதுவரை எட்டிப் பார்க்காத மழை, மாப்பிள்ளை அழைப்புக்கு அழைக்காமலே வந்துவிட்டது. பலத்த மழை இல்லை. நல்ல தூறல். சோப்பு கரைவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

வைப்பரைப் போட்டேன். அது அடித்து அடித்து நுரையாக்கியது. கூரையிலிருந்து நுரை இறங்கியது. பூச்சரங்களுக்கு நடுவே பொங்கியது. சக்கரத்துக்குக் கீழே வெள்ளையாக இழுபட்டது. பொங்கல் பானையை அடுப்பிலிருந்து இறக்கிச் சக்கரம் வைத்து விட்ட மாதிரி கார் போனது. குமிழிகள் பேண்டு வாசிப்பவர்களின் தோளில் போய் உட்கார்ந்தன. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் குமிழியைப் பிடிக்கக் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். மழையில் நனைய வெளியே வந்த கடைக்காரர்கள், எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

முருகவேல் மெல்லக் கேட்டார். "மச்சான், இது உங்க பக்கத்து முறைங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார். "ஆமாங்க மாப்ள" என்றேன்.

மண்டப வாசலுக்கு வந்தபோது கலா மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டது மழைக்கு நடுவிலும் தெரிந்தது. மாப்பிள்ளையும் மேலே பார்த்துச் சிரித்தார். அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

அந்தக் கார் இப்போது இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு விற்றுவிட்டேன். மல்லிகா அக்கா மகனோடு சென்னையில் இருக்கிறார். கம்மாபுரத்தில் கலா வாழ்க்கைப்பட்ட வீடு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் போய், அவர்கள் வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். முருகவேலை மட்டும் எங்கள் தெரு இன்றும் 'நுரை மாப்பிள்ளை' என்றுதான் சொல்கிறது. தீபாவளிக்கு வந்தால், "வாங்க நுரை மாப்ள" என்றுதான் வரவேற்பு.

சென்ற ஆவணியில் முருகவேலின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். நாங்கள் போயிருந்தோம். மாப்பிள்ளை கார் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஏதோ இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நுரையாகப் பீய்ச்சினார்கள். கார் பொங்கிக்கொண்டு வந்தது. பெண் வீட்டார் விழித்தார்கள். முருகவேலின் அத்தை, இப்போது நன்றாக வயதாகிவிட்டது, அவர்களுக்கு விளக்கினார்: "எங்க வூட்டுல இது முறைங்க. விருத்தாசலத்துப் பொண்ணு எடுத்ததுலேர்ந்து செய்யறோம். இது இல்லாம மாப்ளைய அழைக்கிறதில்ல."

தமயந்தி என்னைப் பார்த்தாள். கலா என்னைப் பார்த்தாள். அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவருதான் அந்த விருத்தாசலத்துப் பொண்ணு வூட்டுப் பெரியவரு. முறை தெரிஞ்சவரு. மொத நுரைய இவரு கையால வுடணும்" என்றார்.

சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நானும் போய் நுரை விட்டேன்.