வாயைத் திறக்காதே, வெர்னீஸ்

அந்தச் சனிக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் டையைக் கட்டிக்கொண்டே எல்ஜின் பக்னர் ஒரு சபதம் எடுத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு கண்ணாலும் பார்க்கிற வரைக்கும், டன்மோர் - வார்லிக் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு ஜென்மத்தின் வாயிலிருந்தும் கேட்கப் போவதில்லை. உயிரே போனாலும் சரி.

பின்னே என்ன செய்வான்? நவம்பர் மாதம், டன்மோர், வார்லிக் இரண்டு கல்லூரிக்கும் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம், அதுவும் காலை பதினோரு மணிக்கு. அதே நாள் அதே பதினோரு மணிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அலபாமாவில் புத்தியுள்ள எவனும் ஆகஸ்டு கடைசியிலிருந்து நவம்பர் முடிய சனிக்கிழமையில் சாகக்கூட மாட்டான், ஞாயிறு வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிப்பான். கல்யாண மாப்பிள்ளை சிகாகோக்காரன். நாள் குறித்தது அவன். அவனுக்கு என்ன தெரியும், பாவி.

கல்யாணப் பெண் கார்லெட்டா, எல்ஜினின் மனைவி வெர்னீஸுக்கு அக்கா மகள். தகப்பன் இல்லாத பெண். சர்ச்சில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டியவன் எல்ஜின்தான். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்தான். வெர்னீஸ் அந்த வாரம் முழுக்க அவனுக்குக் கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சிக் கொடுத்து, "வயிறு எப்படி இருக்கு?" என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த யோசனை அதோடு போயிற்று.

ஏழு வருஷமாக டன்மோர் வார்லிக்கிடம் தோற்கிறது. எல்ஜின் படித்த கல்லூரி. இரண்டு வருஷம்தான் படித்தான், அதிலும் பாதி நாள் பேண்டு குழுவில் டிரம் அடித்தான். ஆனாலும் அவன் ரத்தம் கத்தரிப்பூ நிறம். வார்லிக்கின் நிறம் ஆரஞ்சு. வெர்னீஸ் வீட்டில் எல்லாரும் வார்லிக். குறிப்பாக மாமியார் மிஸ் ஓடெல், அந்த ஊரில் கல்யாணமான பெரியவளையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிஷம் அந்தம்மாவிடமிருந்து போன் வரும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "மாப்பிள்ளை, உடம்பு சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வி எல்ஜினுக்கு ஈஸ்டர் வரைக்கும் வலிக்கும்.

இந்த வருஷம் அப்படி இல்லை. இந்த வருஷம் டன்மோர் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஒரு பையன் கிடைத்திருக்கிறான், நாலு பேர் மேலே விழுந்தாலும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். எல்ஜின் பள்ளிக்கூடப் பஸ்களைப் பழுது பார்க்கிறவன். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதுகூட அந்தப் பையனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு வரப்போகிற ஜெயம். அதை எவனோ ஒருத்தன் வாயால், சர்ச் வாசலில், கோழிக்கால் மென்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?

அதனால் வெள்ளிக்கிழமையே புது வீடியோ கேசட் வாங்கி, டெக்கில் சொருகி, பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பதிவாகும்படி நேரம் வைத்தான். மூன்று முறை சரி பார்த்தான். நாலாவது முறை பார்க்கப் போனபோது வெர்னீஸ் விளக்கை அணைத்துவிட்டாள்.

சர்ச் வாசலில் காரை நிறுத்தியதும் எல்ஜின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் போய், ஆட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசக்கூடாது என்று கும்பிடாத குறையாகச் சொன்னான். பாஸ்டரிடமும் சொன்னான். பாஸ்டர், தான் அன்றைக்குக் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசுவதாக இருப்பதாகச் சொன்னார்.

ஆனால் சர்ச்சுக்குப் பின்னால் சமையல்கட்டு இருக்கிறது. சமையல்கட்டில் பெண்கள் இருக்கிறார்கள். பெண்களிடம் ஒரு ரேடியோ இருக்கிறது. இது எல்ஜினுக்குப் பதினொன்றே காலுக்குத்தான் தெரிந்தது. கல்யாணம் எப்போதும் போலத் தாமதம். அவன் கார்லெட்டாவோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வெர்னீஸ் பெரிய தொப்பியும் புது உடுப்புமாகச் சமையல்கட்டிலிருந்து வேகமாக வந்தாள்.

"எல்ஜின், அந்த ஆட்டம் இருக்குல்ல..."

எல்ஜினுக்குப் பஞ்சு போதவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம் வெர்னீஸ். உனக்குப் புண்ணியமாப் போகும். வாயைத் திறக்காத."

"அட, கேளு முதல்ல..."

"வராண்டாவுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இந்த மாசமே அடிக்கிறேன். நீ சொன்ன வெள்ளையே அடிக்கிறேன். சொல்லாத, அது போதும்."

வராண்டாவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி வெர்னீஸ் மூன்று கோடைகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று கோடைகாலமும் அவனுக்கு இடுப்பு வலி. இப்போது அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

"கைப்பிடிக் கம்பிக்கும் சேர்த்தா?" என்றாள்.

"கம்பிக்கும் சேர்த்து."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று எல்ஜின் பெருமூச்சு விட்டான்.

பாட்டு ஆரம்பித்தது. கார்லெட்டாவின் கையைப் பிடித்து நடந்தான். அப்போதுதான் அவனுக்கு அடுத்த பயம் வந்தது. காதைப் பொத்தலாம், முகங்களை என்ன செய்வது? ஆரஞ்சுக் கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் ஹோரஸ் உட்கார்ந்திருந்தான். வார்லிக் பைத்தியம். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. ஏன் தொங்கியிருக்கிறது? அப்படியானால் நம் பையன்கள்... ஐயோ, நினைக்காதே. எல்ஜின் சட்டென்று குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். பீடம் வரைக்கும் ஷூவைப் பார்த்துக்கொண்டேதான் போனான். பார்த்தவர்கள் எல்லாரும், தகப்பன் ஸ்தானத்தில் இருந்து எப்படி உருகுகிறான் பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கார்லெட்டாவும் அழுதுவிட்டாள்.

விருந்து அதைவிட மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம். அவன் ஒரு தட்டில் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் எடுத்துக்கொண்டு, மூலையில் பியானோவைப் பார்த்தபடி சுவரோடு சுவராக உட்கார்ந்தான். யாராவது சிரித்தால் பயமாக இருந்தது. யாரும் சிரிக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று ஆகப் போகிறது. இந்நேரம் இரண்டாம் பாதி நடக்கும்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் வெர்னீஸ்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். இப்பத்தான் ரேடியோல..."

"நாற்காலி," என்றான் எல்ஜின்.

"என்ன?"

"என் நாற்காலியைத் தூக்கிப் போட்டுடறேன். உனக்குப் பிடிக்காதே, அதைத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பதினாறு வருஷத்துச் சாய்வு நாற்காலி. பஞ்சு வெளியே வந்த இடத்திலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருப்பான். டன்மோர் ஜெயித்த எல்லா ஆட்டத்தையும் அவன் அதில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறான். தோற்ற ஆட்டங்களையும் அதில்தான் பார்த்தான், ஆனால் அதற்கு நாற்காலி என்ன செய்யும்? அதைத் தெருவில் போடச் சொல்லி வெர்னீஸ் அழுதிருக்கிறாள், கோபித்துக்கொண்டு ஒரு தடவை அம்மா வீட்டுக்கே போயிருக்கிறாள்.

வெர்னீஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் மிருதுவாகிவிட்டது.

"எப்ப?"

"ஆட்டத்தைப் பாத்து முடிச்ச உடனே. இன்னைக்கே."

"சரிப்பா. உன் இஷ்டம்," என்று அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவு அன்பாக அவள் தட்டி வருஷக்கணக்காகிறது. நாற்காலி போனாலும் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

இரண்டேமுக்காலுக்கு அவள் மூன்றாவது முறை வந்தாள். இந்தத் தடவை அவள் எதுவுமே சொல்லவில்லை. வந்து நின்றாள், கைப்பையைத் திறந்து பார்த்தாள், "எல்ஜின்..." என்று வாயெடுத்தாள். அவ்வளவுதான்.

"என்ன வேணும், சொல்லித் தொலை," என்றான் அவன்.

வெர்னீஸ் ஒரு நிமிஷம் யோசித்தாள். கல்யாணத்துக்கு வந்த அம்மாவைத் திரும்பப் பஸ்ஸில் அனுப்ப மனசு வரவில்லை என்றாள். ஒன்றரை மணி நேரந்தானே, காரிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். அப்படியே கிறிஸ்துமஸுக்கும் அங்கேயே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்றாள். எல்லாவற்றுக்கும் எல்ஜின் தலையை ஆட்டினான். கேசட் எங்கே ஓடிப்போகிறது? பத்திரமாகக் காத்திருக்கும். இங்கிருந்து கிளம்பினால் போதும்.

காரில் ரேடியோவைத் தொடக்கூட இல்லை. பஞ்சை எடுத்துவிட்டான், ஆனால் மனசு திக்திக்கென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. பின் சீட்டில் மிஸ் ஓடெல். வார்லிக்கின் பரம பக்தை. ஒரு வார்த்தை போதும், அவன் நாள் நாசமாகிவிடும். ஆனால் அந்தம்மா பேசவே இல்லை. காதில் ஒரு சின்ன ஒயரை மாட்டிக்கொண்டு, மடியில் ஏதோ டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னம்மா கேட்கிறீர்கள் என்று எல்ஜின் மரியாதைக்குக் கேட்டான். மனசுக்குப் பிடிச்சது என்றார். பிரசங்கமாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். நடுவில் ஒரு தடவை, "ஆண்டவரே, அவனைப் பிடிங்க," என்று அவன் சீட்டின் முதுகில் ஓங்கிக் குத்தினார். யாரோ நல்ல பிரசங்கியார் சாத்தானைத் துரத்துகிறார் போலிருக்கிறது. வெர்னீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

மாமியார் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். அந்தம்மா இறங்கவில்லை. கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினார். கதவைப் பிடித்தபடியே பத்து நிமிஷம் நின்றான். கடைசி ஜெபமாக இருக்கும் என்று தொப்பியைக்கூடக் கழற்றினான். மிஸ் ஓடெலின் உதடு துடித்தது, முஷ்டி இறுகியது, பிறகு தளர்ந்தது. ஒயரைக் காதிலிருந்து எடுத்தார். மருமகனை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த முகத்தில் எதுவுமே தெரியவில்லை.

"கார் நல்லா ஓட்டுற, மாப்பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீடு வந்து சேர ஆறே கால் ஆயிற்று. எல்ஜின் கோட்டைக் கழற்றிக் கத்தரிப்பூச் சட்டையை மாட்டினான். நாற்காலியில் கடைசித் தடவையாகச் சாய்ந்தான். ஜெயித்துவிட்டான், நாள் முழுக்க ஒரு துளி விஷயம்கூடக் காதில் விழவிடாமல் ஜெயித்துவிட்டான். பொத்தானை அமுக்கினான்.

மழை பெய்தது.

மைதானம் முழுக்கப் பெரிய தார்ப்பாயை விரித்திருந்தார்கள். மின்னல் வெட்டியது. குடைக்குக் கீழே இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மின்னல் நிற்கிற வரைக்கும் ஆட்டம் தொடங்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்ஜின் கேசட்டை ஓட்டினான். மழை. இன்னும் ஓட்டினான். குடை. இன்னும் ஓட்டினான். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை யாரோ தள்ளினார்கள். ஒன்றரை மணிக்கு ஒருவழியாக ஆட்டம் ஆரம்பித்தது. அந்தப் பையன் நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடினான். எல்ஜின் எழுந்து நின்று கத்தினான். ஏழுக்கு ஏழு. பதினாலுக்குப் பதினாலு. முதல் பாதி முடிந்தது. டன்மோர் பேண்டு குழு மைதானத்துக்குள் வந்தது, டிரம்காரன் குச்சியை உயர்த்தினான். மணி மூன்று. திரை கறுத்துப்போனது.

அந்தக் கறுப்புக்கு முன்னால் நின்று அவன் கணக்குப் போட்டான். மூன்று மணிக்குப் பாதி ஆட்டம் என்றால் மீதிப் பாதி எப்போது நடந்திருக்கும்? தான் அப்போது எங்கே இருந்தோம்? ரேடியோ உள்ள காரில், ரேடியோவைத் தொடாமல்.

சமையலறையில் வெர்னீஸ் கல்யாணக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"மழையில ஆட்டம் ஆரம்பிக்கலைன்னுதான முதல்ல சொல்ல வந்தேன். நீ எங்க சொல்ல விட்ட?"

"ரெண்டாவது தடவை?"

"ஒண்ணரைக்குத் தொடங்குதாம், வந்து ரேடியோல கேளுன்னு கூப்பிட வந்தேன்."

"மூணாவது?"

"அதுவா? கார் சாவி உங்கிட்ட இருக்கா, எங்கிட்ட இருக்கான்னு கேக்க வந்தேன்."

எல்ஜின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான், சமையலறையில் இருந்த மர நாற்காலி. கடைசியில் அவனுக்குத் துணிச்சல் வந்தது. சபதமாவது ஒன்றாவது.

"உங்க அம்மா பின்னாடி உக்காந்து முழுசும் கேட்டிருக்காங்க. உனக்கும் தெரிஞ்சிருக்கும். போகட்டும் விடு. யாரு ஜெயிச்சா?"

வெர்னீஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். காலையில் வராண்டாவுக்கு ஒப்புக்கொண்டபோது பார்த்த அதே பார்வையாக அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொல்லாம இருந்ததுக்கே இவ்வளவு குடுத்தியே எல்ஜின், சொன்னா என்ன குடுப்ப?"