வயலினுக்குள் மூழ்கிய ஆறு எஞ்சின்கள்

படகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, ஓட்டுகிறவன் வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தானா என்று சொல்லக்கூடிய ஆள் வன்னியில் ஒருவர்தான்: நாயாற்றில் எஞ்சின் திருத்தும் மோட்டர் அண்ணை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் குழப்பிவிடுவேன்.

1. ஒரு நாவலைப் படமாக்கினோம். ஒலி என் பொறுப்பு.
2. நாவலின் உயிர் ஓர் அத்தியாயம். விடியல் இருட்டில் கரைக்குத் திரும்பும் ஆறு படகுகளை ஒருத்தி சத்தத்தாலேயே அடையாளம் காண்கிறாள். ஆறில் ஒன்றும் அவள் கணவனுடையது இல்லை.
3. படத்தில் அதற்கு இருட்டு, அவள் முகம், எஞ்சின் சத்தம் போதும் என்றேன்.
4. எஞ்சின்களைப் பதிவுசெய்ய மோட்டர் அண்ணையைப் பிடித்தேன்.
5. நெறியாளர் எல்லாவற்றுக்கும் மேலே வயலினை ஊற்றினார்.

நான்காவதே பெரிய வதை. ஒரு நல்ல பதிவைக் கேட்டுவிட்டு அண்ணை தலையை ஆட்டினார்.

"பிள்ளை, இதைப் போடாதையுங்கோ. இது போன கிழமை புதுப் பிளக் மாத்தின எஞ்சின், சத்தம் சுத்தமாய்க் கிடக்கு. கதையில வாறவங்கள் பிளக் மாத்திற ஆக்களே?"

"அப்பிடி நாவலில எங்கை அண்ணை இருக்கு?"

"கிழிஞ்ச வலையைப் பொத்திப் பொத்திப் பாவிக்கிறாங்கள் எண்டு எழுதிக் கிடக்கெல்லே? பிறகென்ன?"

படப்பிடிப்பில் நடிகைக்குக் கேட்க எஞ்சின் பதிவை ஓடவிட்டோம். அண்ணை அவளையும் விடவில்லை.

"தங்கச்சி, எஞ்சின் இன்னும் முகத்துவாரத்தில நிக்குது. அதுக்குள்ள என்னத்துக்குத் திரும்பிறாய்?"

"அண்ணை, கமரா ஓடுது!" என்று நெறியாளர் கத்தினார்.

"கமரா ஓடட்டும் தம்பி. படகு வரேல்லையே!"

ஒன்பது தடவை எடுத்தோம். அவரைக் களப்புத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் பிறகு வவுனியா ஒலிக்கூடத்தில் ஒலியைப் பொருத்தியபோது, ஒவ்வொரு படகுக்கும் அவள் கழுத்து மெல்ல உயர்ந்து, தாழ்ந்தது. நாவல் மூன்று பக்கத்தில் சொன்னதை அந்தக் கழுத்து சொல்லிவிட்டது.

கரையோர மண்டபம் ஒன்றில் படத்தைப் போட்டுக் காட்டினோம். முதல் எஞ்சின் வந்தது, கூடவே வயலின். இரண்டாவதுக்கு வயலின் மட்டும்தான் வந்தது. மோட்டர் அண்ணை கதிரையை விட்டு எழும்பினார்.

"உந்த வயலினை நிப்பாட்டுங்கோடா! ஆர் வாறான் எண்டு மனுசிக்குக் கேக்கேல்லை!"

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஓம். நிப்பாட்டுங்கோ" என்றார்.

வெளியே வந்ததும் நெறியாளர் என்னிடம், "சனம் அழவேணும், தங்கச்சி. அதுக்கு இசை வேணும்" என்றார்.

"நாவலில அவள் அழேல்லை. எண்ணிக்கொண்டு நிக்கிறாள். அவளை எண்ண விடுங்கோ. வயலின் இருந்தா என்ரை பேரை எடுங்கோ."

எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் வேகமாகச் செய்த ஒரே வேலை அதுதான். ஒலிக்கு என்று என் பெயர் வரவிருந்த முதல் படம் அது.

இப்போதைய நிலை: படம் வயலினோடு வெளியே போகிறது. என் பெயர் அதில் இல்லை. நான் பிரதி எடுத்துக் கொடுத்த, வயலின் இல்லாத அந்தக் காட்சி மோட்டர் அண்ணையின் பட்டறையில் இருக்கிறது. எஞ்சின் திருத்த வருகிறவர்களை இருத்தி, "எங்கடை பிள்ளை செய்தது, கதைக்காமல் கேளுங்கோ" என்று போட்டுக் காட்டுகிறாராம். நான் வைத்த அளவைவிட இரண்டு மடங்கு சத்தமாக. மற்ற யாராவது அப்படிச் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.