பிரசவ பெஞ்சில் ஒரு மரியாதைக்காரி

எனக்கு வலி தாங்கும் சக்தி அதிகம் என்று ஒரு காலத்தில் நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தத் திமிருக்கு என்னை நிற்க வைத்து நாலு சாத்து சாத்தலாம். (அப்போதே யாராவது சாத்தியிருந்தால் இன்னும் நல்லது. யாரும் சாத்தவில்லை. பாராட்டினார்கள்.)

திமிர் வந்த கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மிஷின் ஊசி விரல் நகத்தில் ஏறி அந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் மூச்சுக்கூட விடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி விரலை எடுத்து, வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு, "வேற ஊசி குடுங்ண்ணா" என்றேன். பக்கத்து மிஷின்காரிதான் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து கம்பெனியில் எனக்கு ஒரு பேர். பிரசவமும் கொஞ்சம் பெரிய ஊசிதானே என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தலைப்பிரசவத்துக்காக அவிநாசிபாளையத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் இட்லி சாப்பிடும்போது வலி எடுத்தது. அம்மா என்னைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றினாள். வழி முழுக்க ஒரே பாட்டுதான்.

"சத்தம் கித்தம் போட்டறாத அம்மிணி. உன்ற மாமியா ஊட்டுல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"போட மாட்டேன், நீ பேசாம வா" என்றேன். வழி என்னிடம் இருந்தது. பனியனைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிப் பழகிய கை இது. வலி வந்ததும் மனசுக்குள் ஒரு டஜன் பீஸ் எண்ணுவேன். டஜன் முடியும்போது வலியும் முடிந்துவிடும். பஸ் திருப்பூருக்குள் நுழையும்போது ஒன்றரை டஜன் எண்ண வேண்டியிருந்தது. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நாங்கள் போனது சின்ன ஆஸ்பத்திரி. ஒரே நர்சம்மா, தெற்கத்திக்காரர். பிரசவ மேஜையும் ஒன்றே ஒன்றுதான். நான் போய் பெஞ்சில் உட்கார்ந்த கையோடு இன்னொரு கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்தார். "முருகா, என்னைக் கொன்னுபோடு முருகா" என்று விடாமல் கதறினாள்.

நர்சம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா இருக்கு? ரொம்ப வலிக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அப்போது இரண்டாவது டஜனில் ஏழாவது பீஸில் இருந்தேன். அதை முடித்துவிட்டுச் சிரித்த முகமாக, "பரவால்லீங்க. பாவம், அவங்கள மொதல்ல பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க" என்றேன். பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டால் பக்கத்து ஆளை முன்னே தள்ளிவிட்டுத் தான் நின்றுகொள்ளும் ஊர்க்காரி நான். பிரசவ மேஜையையும் அப்படியே விட்டுக்கொடுத்தேன்.

"சிரிக்கிற பிள்ளைக்கு இப்பப் பொறக்காது. சாயந்தரம் ஆயிரும்" என்று சொல்லிவிட்டு நர்சம்மா உள்ளே போய்விட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம், "எம்பட புள்ளைக்குப் பொறுமை ஜாஸ்திங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் கம்பெனியில் பர்மிஷன் கேட்டு, கையில் ஒரு சோடாவோடு வந்தார். "வலிக்குதா புள்ள?" என்றார். அவர் காதில் விழுந்தால் மாமியார் காதிலும் விழும் என்று அம்மா கண்ணைக் காட்டினாள். "இல்லீங்க" என்றேன்.

இந்த மனுஷன் அதை நம்பினார். வேர்த்து ஊற்றுகிறது, உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருக்கிறது, பெஞ்சு விளிம்பைப் பிடித்த விரல் வெளுத்திருக்கிறது. "அப்ப நானு கம்பெனிக்குப் போயிட்டு சாயங்காலமா வாரனுங்க அத்தே" என்று கிளம்பினார்.

அப்போதுதான் நாலாவது டஜனில் எண்ணிக்கை தவறிப்போனது. எட்டா ஒன்பதா தெரியவில்லை. அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். காலரிலிருந்து பாக்கெட் வரை கிழிந்து கையோடு வந்தது.

"வலிக்குதுடா. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? நீயும் உன்ற சோடாவும்."

அதோடு நின்றேனா? அவர் அம்மா, அவர் அக்கா, அவர் கம்பெனி, பெருமை பேசிய என் அம்மா, பனியனைக் கண்டுபிடித்தவன், ஒருத்தரையும் விடவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் வட்டியோடு வந்தது. உள்ளே முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் தானே நடந்து வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பயம்.

"நீங்க போய்ப் படுங்கக்கா" என்றாள். (அவளுக்கு மறுநாள் மத்தியானம்தான் பிறந்தது.)

நர்சம்மா என்னை மேஜையில் ஏற்றிப் பார்த்தார். "அடப் பாவி மகளே, தலை தெரியுதே. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று திட்டினார். பத்தே நிமிஷம். பெண் குழந்தை.

ஆனால் அது அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நர்சம்மா கொடியை எடுத்துவிட்டு, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. என் மகள் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு தொங்கினாள். சத்தம் போடக் கூடாது என்று நான் கட்டிக்கொண்டு அழுத அத்தனை மானத்தையும் தூக்கிக் கிணற்றில் போடத் தோன்றியது.

"கத்து கண்ணு" என்று அலறினேன். "கத்து சாமி. ஊரே கேக்கட்டும். எவ சொல்லிக் காட்டறான்னு நான் பாத்துக்கறேன். கத்து."

கத்தினாள். வெளியே கிழிந்த சட்டையோடு நின்ற மனுஷன் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து அழுதார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அன்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. கல்யாண மண்டபத்தில் அவள் ரகசியம் பேசினால் சமையல்கட்டுக்குக் கேட்கும். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது மருமகன் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க மாமா" என்றார்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அது உங்க அத்தை கேட்டு வாங்குன சத்தமுங்க மாப்ள. நாமெல்லாம் வாயத் தொறக்கப்படாது" என்றார்.